அது என்ற கம்பிங்க சார்

நெட்டு வரலீன்னா எல்லாரும் மொதல்ல கம்ப்யூட்டரைத்தானுங்க தட்டுவாங்க. அது தப்புங்க சார். மோடத்தை அமத்திட்டு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்து திருப்பிப் போட்டா முக்காவாசி சரியாயிரும். எங்க வீதியில எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன்னு எனக்கே ஞாபகமில்லீங்க. உங்க மேசை மேல இருக்கறதும் அப்படித்தான் கண்ணைச் சிமிட்டிட்டு இருக்குது, வேணும்னா பாத்துக் குடுத்துட்டுப் போறேன். வேண்டாங்களா. சரிங்க, வந்த விசயத்தைச் சொல்லிர்றேன்.

என்ற பேரு மருதாசலமுங்க. சொந்த ஊரு கணியூருப் பக்கம். எங்க வீதிக்கு கேபிள் டிவி கொண்டுவந்தது நானு, அதே லைன்ல நெட்டு கொண்டுவந்ததும் நானு. லைன் இழுக்கறதுன்னா வாயில சொல்ற மாதிரி இல்லீங்க சார். மொட்டை மாடி மொட்டை மாடியாத் தாண்டித்தான் போகோணும். கேபிளைத் தாங்கறதுக்கு இரும்புக் கம்பி கட்டோணும். தன்ற மாடியில அடுத்தவன் கம்பி கட்ட யாரு உடுவாங்க, சொல்லுங்க. நான் ஒரு ரோசனை பண்ணினேன். கம்பிய ஒசரத்துல கட்டாம, பொம்பளைங்க கை எட்டற மாதிரி கட்டினேன். "துணி காயப்போட்டுக்குங்க அக்கா, கேபிள் பாட்டுக்குக் கேபிள், துணி பாட்டுக்குத் துணி"ன்னேன். ஒரு ஊட்டுலயும் மறுபேச்சு வரலீங்க. கம்பெனி லீவு ஞாயித்துக்கெழமையானா வீதி பூராவும் என்ற கம்பியிலதான் சேலையும் லுங்கியும் காயும். மாடியில நின்னு அதைப் பாத்துட்டே இருப்பேன். யாரு ஊட்டுல ஒறம்பரை வந்திருக்குது, யாரு புதுசா சேலை எடுத்திருக்குது, எல்லாம் என்ற கம்பியப் பாத்தே சொல்லுவேன்.

அடுத்த ஊடுதான் செல்வக்குமார் ஊடு. கட்டிங் மாஸ்டர், வாயில்லாப் பூச்சி. அவன் சம்சாரம் சித்ரகலா. அந்தப் புள்ளை எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருந்துச்சுங்க. கொழந்தை பொறந்தப்பறம் ஊட்டுலயே உக்காந்து வேலை பாக்குது. வெளிநாட்டுக்காரன் இந்தக் கலரு ஓகேன்னு மெயில் போட்டாத்தான் சாயப்பட்டறையில துணிய உடுவாங்க. அந்த மெயிலு வந்து எறங்கறது அந்தப் புள்ளை ஊட்டுல, என்ற லைன்ல. வீதியில மொத மொதல்ல என்றகிட்ட நெட்டு வாங்கினதே அதுதானுங்க. லண்டன்காரன் சொல்ற சேதி என்ற கம்பி மேல போய்த்தான் திருப்பூருக்குத் தெரியுதுன்னு டீக்கடையில சொல்லுவேன். சிரிப்பானுங்க. சிரிக்கட்டும், உண்மைதானுங்களே.

சாயங்காலமானா லைன் எப்படி இருக்குதுன்னு ஒரு நடை போய்ப் பாப்பேன். காபி குடுக்கும். "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா"ங்கும். கூடப் பொறந்த தங்கச்சி கூட அப்படிக் கூப்பிட்டதில்லீங்க என்னைய. இதைச் சொல்லி வெக்கறேன், ஏன்னா அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வெறுப்பும் கெடையாதுன்னு நீங்க தெரிஞ்சுக்கோணும்.

பொறகு இந்தக் கரண்டு கட்டு வந்துச்சுங்க. பகல்ல எப்பப் போகுது, எப்ப வருதுன்னே தெரியாது. கரண்டு போனா என்ற லைனும் போயிரும். அந்தப் புள்ளை ஊட்டுல இன்வெர்ட்டர் இருக்குது, கம்ப்யூட்டர் ஓடுது, நெட்டு இல்ல. "அண்ணா, உங்க பக்கம் ஒரு பேட்டரி வெச்சீங்கன்னா எனக்கு ஒத்தாசையா இருக்குமுங்க"ன்னு கேட்டுச்சு. கேட்டுச்சு, கேட்டுச்சு, கேட்டுட்டே இருந்துச்சு. சீரியல் பாக்கற பொம்பளைங்க யாராவது கேட்டாங்களா சார்? கரண்டு இல்லாதப்ப அவங்க டிவியும்தான் ஓடாது. ஒருத்திக்காக நான் வீதி பூராவும் பேட்டரி தூக்கிட்டுத் திரியறதுங்களா?

ஒரு நாள் லைன் இல்லாத நேரமாப் பாத்து வெளிநாட்டுல இருந்து மெயில் வந்திருக்குது. மொதல்ல ஓகே சொன்ன அந்தக் கலரு இப்ப வேண்டாம், நிறுத்துங்கன்னு. அந்தப் புள்ளை பாக்கறதுக்குள்ள பட்டறையில துணி பூராவும் சாயம் ஏறிருச்சு. கம்பெனியில கண்டபடி பேசிப்போட்டாங்களாமா. என்ற ஆபீசுக்கு வந்து நின்னுச்சுங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. "அண்ணா, எனக்கு வேலையே போயிரும்போல இருக்குதுங்கண்ணா"ன்னுச்சு. கரண்டு போறதுக்கு நான் என்ன மந்திரியா கண்ணுன்னேன். தமாசுக்குத்தான் சொன்னேன். சிரிக்கலீங்க அது.

அடுத்த வாரம் லைனை மாத்திருச்சு. வேல்குமாருன்னு ஒருத்தன், புதுக் கம்பெனிக்கு ஏஜென்டு. கரண்டு போனாலும் எங்க லைனு நிக்காதுன்னு வாசல் வாசலாச் சொல்லிட்டுத் திரிஞ்சவன். என்ற மோடத்தை ஒரு மஞ்சப்பையில போட்டு, கொழந்தை தமிழ்மதிகிட்டக் குடுத்து உட்டிருந்துச்சு சார். தானா வரலை. பொடுசு கையில குடுத்துத் தாட்டி உடுது. "மாமா, அம்மா இதைக் குடுக்கச் சொல்லுச்சு"ன்னு அது நிக்குது. ஆத்தைக் கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தப்பறம் நீ யாரோ நான் யாரோன்னு சும்மாவா சொன்னாங்க?

போய்க் கேட்டேன். செல்வக்குமாரு தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தான். அந்தப் புள்ளைதான் பேசுச்சு. "நெட்டைத்தானுங்கண்ணா மாத்தியிருக்கறோம், ஒறவையா மாத்திட்டோம்? எப்பவும் போல வாங்க போங்க, காபி குடிச்சுட்டுப் போங்க"ன்னுச்சு. சிரிச்சுட்டே சொல்லுச்சுங்க. இதுக்கு நாலு வார்த்தை வைஞ்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். காபிய அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

படிச்ச புள்ளை மாத்திருச்சுன்னு ஒவ்வொரு ஊடா மாத்தினாங்க. சுப்பாத்தாள் அக்கா ஊட்டுல கம்ப்யூட்டர் பேரனுக்கு வெளையாட மட்டுந்தான், அங்கயும் மாத்தினாங்க. ஏனுங்கக்கான்னா, "சித்ரகலா சொன்னா சரியாத்தான் கண்ணு இருக்கும்"னுச்சு. வேலாத்தாள், என்ற சம்சாரமுங்க, அவளே ஒரு நாள் சோத்தைப் போட்டுட்டு, "நாமளும் அந்தப் பேட்டரிய வெச்சிருக்கலாமுங்க"ன்னா. அந்தச் சோத்தை நான் தொடலீங்க.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். தொழில்னா நாலும் இருக்கும். பொறுக்க முடியாதது எதுன்னு சொல்றேன், நீங்களே நாயத்தைச் சொல்லுங்க. லைனை மாத்தினாங்களே, கம்பிய மாத்தலீங்க. அந்த வேல்குமாரு அவன் கேபிளை என்ற கம்பி மேலயே சுத்திக் கட்டிட்டுப் போயிட்டான். கேட்டதுக்கு, "சும்மாதானுங்களே கெடக்குது"ங்கறான். ஞாயித்துக்கெழமை பாத்தா என்ற கம்பியில அவன் கேபிளு, அதுக்குப் பக்கத்துல சித்ரகலா துணி. என்ற லைன் ஆகாது, கம்பி மட்டும் ஆகுமா? எனக்கு மண்டைக்குள்ள என்னமோ அறுந்து போச்சுங்க. கம்பியக் கழட்டிக்கறேன்னு மாடியில நின்னுட்டே சொன்னேன். "தாராளமாக் கழட்டிக்குங்கண்ணா, நான் கயிறு வாங்கிக் கட்டிக்கறேன்"னுச்சு. அந்தத் தாராளத்தைப் பாத்தீங்களா? இருக்கட்டும் கண்ணு, துணி காயப்போடத்தானேன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கிட்டேன்.

எங்கூருல காட்டுப்பன்னிக்கு வேலியில கரண்டு குடுப்பாங்க. தப்புத்தான், கேஸு ஆகும், ஆனாலும் குடுப்பாங்க. அதுதான் மனசுல வந்துச்சு. ஊடு ஊடா நெட்டைப் பிரிச்சு உடற வேல்குமாரு பொட்டி சித்ரகலா மாடியிலதான், என்ற கம்பியோட சேத்துக் கட்டியிருக்குது. கம்பியில கரண்டு பாஞ்சா பொட்டி எரிஞ்சு போகும், நாலு தடவை எரிஞ்சா அவன் லட்சணம் வீதிக்கே தெரியும், எல்லாரும் திரும்பி வருவாங்க. அந்தப் பொட்டி எரியட்டும்னுதானுங்க குடுத்தேன். வேறெதுக்குமில்ல.

நான் கண்ணு மூக்குத் தெரியாம ஒண்ணும் பண்ணலீங்க சார். மத்த ஊட்டுக்காரங்க மேல எனக்கென்ன கோவம்? சுப்பாத்தாள் அக்கா வயசானது, அந்த மாடிக்குப் போற கம்பிய முன்னாடியே கழட்டி உட்டுட்டேன். சித்ரகலா மாடிக்கு மட்டும் போற மாதிரி வெச்சேன். ஞாயித்துக்கெழமை காத்தால வேலாத்தாள் துணிய ஊற வெக்கப் போனா. மழை வரும், இன்னிக்கு வேண்டாம்னேன். வெயிலு அப்பவே சுள்ளுன்னு அடிக்குது. அவளும் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு வாளியக் கமுத்தி வெச்சுட்டா. தமிழ்மதி எப்பவும் அவங்கம்மா கூடவே மாடிக்கு வந்து கிளிப்பு எடுத்துக் குடுக்கும். வாசல்ல வெளையாடிட்டு இருந்துச்சு. எங்கூட்டுல கார்ட்டூன் ஓடுது, வா கண்ணுன்னு கூட்டிட்டு வந்து டிவி முன்னாடி உக்கார வெச்சு முறுக்குக் குடுத்துட்டுத்தான் மேல போனேன். கொழந்தை என்ன பாவம் பண்ணுச்சு.

பொட்டி எரியறதுக்குக் கொழந்தைய ஏன் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேக்கறீங்க. அதைத்தான் சார் நானும் யோசிச்சுட்டு இருக்கறேன்.

வாளி நெறைய ஈரத்துணி, வெறுங்காலு, தரையெல்லாம் தண்ணி. சத்தங்கூடப் பெருசா வரலீங்க. நாந்தான் கரண்டை அமத்திட்டு மொதல்ல ஓடினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினது நானு. செல்வக்குமாரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டது நானு. பந்தலுக்கு லைட்டு போட்டுக் குடுத்தது, தாராபுரத்துல இருந்து வந்த அவங்க ஒறம்பரைக்கெல்லாம் டீ சொன்னது, எல்லாம் நானுதான். கம்பிக்குக் கரண்டு குடுத்த என்ற ஒயரை ஆளுங்க கூடறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். புதுக் கம்பெனி பொட்டியில இருந்துதான் கரண்டு எறங்கிருச்சுன்னு வீதியே பேசுச்சு. காரியம் முடியறதுக்குள்ள அத்தனை ஊடும் வேல்குமாரு லைனைப் புடுங்கி வீசிட்டு என்றகிட்ட வந்துட்டாங்க. செல்வக்குமாரும்தான். "உங்க பேச்சைக் கேட்டிருந்தா என்ற சித்ரா இருந்திருப்பாங்கண்ணா"ன்னு என்ற கையப் புடிச்சுட்டு அழுதான். அழாத, நான் இருக்கறேன்னேன்.

பொறகு எதுக்கு இங்க வந்தேன்னுதானுங்களே கேக்கறீங்க. நீங்க வேல்குமாரைப் புடிச்சு உள்ள வெச்சிருக்கறீங்க. நேத்துப் பேப்பர்ல போட்டிருக்குது, தனியார் நிறுவனம் அமைத்த கம்பியில் மின்சாரம் பாய்ந்துன்னு. அவன் எங்கீங்க அமைச்சான்? ஒவ்வொரு மாடியாக் கெஞ்சிக் கூத்தாடி, தோளு தேயத் தூக்கிட்டுப் போய்க் கட்டினது நானு. உயிரே போன கம்பியக்கூட அவன் கம்பின்னு எழுதினா நான் பாத்துட்டு இருக்கோணுங்களா? அது என்ற கம்பிங்க சார். எழுதிக்குங்க.

இன்னொண்ணும் இருக்குது, அதையும் எழுதிக்குங்க. என்னைய கொலைகாரன்னு எழுதறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. அந்தப் புள்ளை வாளியோட மாடிக்கு வந்தப்ப கம்பியில கரண்டு இல்லீங்க. நான் இன்னும் போடலை. செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு, கண்ணு, பழசெல்லாம் போகட்டும், நம்ம லைனுக்கே திரும்பி வந்துருன்னு கேட்டேன். மனசாரக் கேட்டேனுங்க. துணியப் புழிஞ்சுட்டே, "இல்லீங்கண்ணா, இதே நல்லா இருக்குதுங்க"ன்னுச்சு. அப்பறந்தான் ரூமுக்குள்ள போய் ஸ்விட்சைப் போட்டேன். வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன். அதுவா முடிவு பண்ணினதுக்கு நான் என்னங்க சார் பண்றது?