தண்ணீர் வரும்வரை பேசச் சொன்னார்கள்

வெயில் விரட்டியும் வேட்டி கசங்காமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர் மயில்வாகனம் ஐயா அவர்களே! கதிரை நுனியில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீர்ப்பாசன அதிகாரி ஐயா அவர்களே! மேடையில் ஏற்றி இருத்தியதற்காக இன்னும் என்னை மன்னிக்காத இராசமலர் அக்கா அவர்களே! சேறும் சோறும் பிசைந்த கைகளால் எங்களை வளர்த்த தாய்மாரே! மண்வெட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோரே! பந்தலுக்கு வெளியே ஐஸ்கிறீம் வாகனத்தின் நிழலில் ஒதுங்கியிருக்கும் இளைஞர்களே, உங்களையும் இங்கிருந்து தெரிகிறது! எல்லோருக்கும் இந்த வறண்ட வாய்க்காலின் கரையிலிருந்து என் ஈரமான வணக்கம்.

இன்று காலை ஏழு மணிக்குக் குளத்துத் துருசுக் கதவைத் திறந்தோம். அங்கே புறப்பட்ட தண்ணீர் நாலரைக் கிலோமீற்றர் இடதுகரை வாய்க்காலில் நடந்து, கடைசி வயலாகிய இந்த வயலுக்கு வந்துசேர வேண்டும். நிகழ்ச்சி நிரலில் "பதினொரு மணி: நீர் வருகை" என்று அழகாக அச்சடித்தோம். தண்ணீருக்கு நிகழ்ச்சி நிரல் வாசிக்கத் தெரியவில்லை. இப்போது ஒன்று பத்து. வரவேற்புரை முடிந்துவிட்டது. முன்பள்ளிப் பிள்ளைகளின் நடனம் இரண்டு தரம் முடிந்துவிட்டது. அப்போதுதான் தலைவர் என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, தண்ணி வருமட்டும் நீர் கதையும்."

"எவ்வளவு நேரம் ஐயா?"

"அதைத் தண்ணியிட்டக் கேளும்."

ஆகவே, உங்களை எழும்ப விடாமல் தடுக்கும் அணைக்கட்டாக நான் இங்கே நிறுத்தப்பட்டிருக்கிறேன். என்ன அண்ணை? "அணை உடைஞ்சால்?" என்று கேட்கிறீர்கள். உடைந்தால் நடனம் மூன்றாம் தரமும் நடக்கும். இருங்கள்.

சிரிக்கிறோம். ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் ஏன் அந்த வாய்க்கால் வளைவுக்கே போகிறது? வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுபோகம் மழையை நம்பாத போகம். குளத்தை மட்டுமே நம்பும் போகம். சென்ற மாதப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒரு முடிவு எழுதப்பட்டது. இன்று இரண்டு மணிக்குள் இந்தக் கடைசி வயலில் தண்ணீர் ஏறினால், வாய்க்காலின் வாலில் இருக்கும் பதினொரு குடும்பங்களும் இந்தப் போகம் விதைக்கலாம். ஏறாவிட்டால் மூன்றாம் மதகோடு விதைப்பு நின்றுவிடும்.

அந்தக் கடைசி வயல் இராசமலர் அக்காவுடையது. இரண்டு ஏக்கர். நாலு வருடமாகச் சிறுபோகத்தில் அந்த வயலில் விளைந்தது நெருஞ்சி. நாலு வருடமும் அவர் விடியக் கிளம்பி, வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயல்களுக்குக் கூலிக்குக் களை பிடுங்கப் போனார். தன் வயலுக்கு வராத தண்ணீரில் முழங்கால் வரை நின்று, அடுத்தவர் வயலின் களையைப் பிடுங்குவது எப்படி இருக்கும்? தாகத்தோடு நின்று தண்ணீர் பரிமாறுவது எப்படி இருக்கும்? அதை நான் சொல்லக் கூடாது. அவரும் சொல்லமாட்டார்.

வாய்க்காலைத் திருத்தும் வேலை எங்கள் அமைப்பிடமே வந்தது. இணைப்பாளர் என்று என்னைப் போட்டார்கள். ஆள் பலம், பொருள் பலம், நாள் கணக்கு, மூன்றையும் திட்டமிடுவது என் வேலை. முதல் நாள் பொதுநோக்கு மண்டபத்தில் கூடினோம். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். தலைவர் தெரிவானார். உபதலைவர்கள் மூவர் தெரிவானார்கள். செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போசகர் நால்வர், ஆலோசகர் ஐவர், செயற்குழு உறுப்பினர் பத்தொன்பது பேர். கூட்டம் முடிந்து எண்ணிப் பார்த்தேன். பதவி இல்லாமல் மிஞ்சியவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் கூட்டத்துக்குப் பிந்தி வந்தவர்கள்!

சரி, பதவி கிடக்கட்டும், பணியைப் பிரிப்போம் என்று பெரிய டிமைத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். பற்றை வெட்டுதல், மண் அள்ளுதல், கொங்கிறீற், மேற்பார்வை, தேநீர் என்று ஐந்து கட்டம் போட்டேன். எல்லோரும் மேற்பார்வைக் கட்டத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். கடைசியாக வந்த அண்ணையின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இரண்டாம் வரிசையில் குனிந்து செருப்பைப் பார்க்கிறார்.

"தங்கச்சி, எனக்கும் ஒரு மேற்பார்வையைப் போடும்."

"மேற்பார்வை முடிஞ்சுது அண்ணை."

"அப்ப உபமேற்பார்வை இல்லையோ?"

ஆளைத்தான் இப்படிப் பிரித்தேன், நாளையாவது சரியாகப் பிரித்தேனா? மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு வழி திறக்க வேண்டிய பற்றை வெட்டும் அணிக்கு நான் எழுதிய நாள் செவ்வாய்க்கிழமை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து விடியப்புறம் இயந்திரத்தோடு வந்த ஸ்ரீபன் அண்ணா, காட்டுக்கு முன்னால் நின்று கையை விரித்தார்.

"தங்கச்சி, உள்ளுக்க போக வழியில்லை. நான் இண்டைக்கு என்ன செய்யிறது?"

நான் நாள் எழுதிய தாள்களைப் புரட்டுகிறேன், புரட்டுகிறேன். பின்னாலிருந்து தலைவரின் குரல் வந்தது.

"நீர் இண்டைக்கு மேற்பார்வை!"

கைதட்டுங்கள், தட்டுங்கள். அந்த ஒரு நாள் முழுவதும் ஸ்ரீபன் அண்ணா பாலைப்பழம் பொறுக்கிச் சாப்பிட்டார். எங்கள் திட்டத்தில் குறித்த நாளில் குறித்தபடி நடந்த ஒரே வேலை அதுதான்.

ஆனால், அன்பு நெஞ்சங்களே, சிரித்து விட்டுவிடக்கூடிய பிழைகள் உண்டு. சிரிக்க முடியாத பிழையும் உண்டு. கூட்டத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒன்பது பேரையும் அந்தத் தாளில் நான் எந்தக் கட்டத்தில் எழுதினேன் தெரியுமா? தேநீர்! ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆண்கள் எழுதவில்லை, நான் எழுதினேன். நல்ல கையெழுத்தில், நேர்கோட்டில், ஒன்பதாவது பெயராக இராசமலர் என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள். காட்டோர வளைவில் மண் நிரவி முடிந்துவிட்டது. மேற்பார்வையாளர்கள் திருப்தியோடு நிற்கிறார்கள். கேத்திலோடு வந்த இராசமலர் அக்கா, தேநீரை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"தம்பியவை, இதில தண்ணி நிக்காது."

"அக்கா, நீங்கள் தேத்தண்ணியை ஊத்துங்கோ. அது ஆறப்போகுது."

"தேத்தண்ணி ஆறினால் சூடாக்கலாம். என்ர வயல் காஞ்சால் எதில வைச்சுச் சூடாக்குவியள்?"

பவுசர் வண்டி ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றினோம். பத்து நிமிடம்! பத்தே நிமிடம்! வாய்க்காலில் மிஞ்சியது ஈர மணல். தண்ணீர் கரைக்கு அடியில் நுழைந்து, அப்பால் காட்டுக்குள் ஒரு பாலைமரத்தடியில் குபுகுபுவென்று கிளம்பியது. உடும்பு வளை ஒன்று கரையைக் குறுக்கே துளைத்துப் போயிருந்தது.

"அக்கா, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நல்ல கதை. ஒவ்வொரு போகமும் தண்ணி வரேல்லை எண்டால், எங்க போட்டுது எண்டு தேடி நடக்கிறது ஆர்? என்ர வயலில இருந்து துருசு மட்டும் நடந்து நடந்து பாத்தனான். இன்னும் பத்து இடம் கிடக்கு. காட்டட்டோ?"

காட்டட்டோ என்று கேட்டார்! நாலு வருடமாக யாரும் அவரிடம் கேட்காததைச் சொல்ல, அவரே எங்களிடம் அனுமதி கேட்டார். தலைப்பு வயல்காரர் தங்கள் மடை வரை வாய்க்காலை அறிவார்கள். தண்ணீர் அங்கேயே வந்துவிடுகிறது, அதற்கு மேல் ஏன் நடப்பார்கள்? நாலரைக் கிலோமீற்றரையும் காலால் அளந்தவர் தண்ணீர் கிடைக்காதவர். இல்லாமையே அவருக்கு அந்த அறிவைக் கொடுத்தது. அந்த அறிவின் கையில் நான் கேத்திலைக் கொடுத்திருந்தேன்.

அன்று மத்தியானமே அந்தத் தாளைக் கிழித்தோம். புதிய தாளில் பெயருக்கு முன்னால் ஒரு கேள்வி வைத்தோம்: உங்களுக்கு என்ன தெரியும்? கேட்கக் கேட்கக் கிணறு ஊறியது. கமலாசனி அக்காவுக்குக் கொங்கிறீற் கலவைப் பதம் தெரியும். தன் வீடு கட்டும்போது மேசனுக்குத் தானே கையாளாக நின்றவர். உபமேற்பார்வை கேட்ட அண்ணைக்குக் காட்டுக்கத்தி பிடிக்கத் தெரியும். இரண்டு பேர் வெட்டுவதை ஒருவராக வெட்டினார். ஓட்டை அடைக்கும் அணிக்கு இராசமலர் அக்கா தலைவி. அப்படியானால் தேநீர்? நம் தலைவர் எழுந்தார், "நான் ஊத்திறன்" என்றார். ஊற்றினார். வாய்க்காலில் வராத தண்ணீர் எல்லாம் அந்தத் தேநீரில் வந்தது! ஐயா, முறைக்காதீர்கள். குடித்தவர்கள் நாற்பது பேர் சாட்சி.

ஒரு நிமிடம். தொலைபேசி. தண்ணீரோடு கூடவே வரும் ஜெயந்தன்தான் பேசுகிறான். ஒலிவாங்கியில் பிடிக்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

"அக்கா, தண்ணி காட்டோர வளைவில நிண்டிட்டுது. கால் மணித்தியாலமா அசையேல்லை."

மணி ஒன்று முப்பத்தொன்று.

இராசமலர் அக்கா... அக்கா எழும்பிவிட்டார். "அவன் மோட்டார் சைக்கிளில இருந்துகொண்டு போன் கதைப்பான், உள்ளுக்க இறங்கிப் பாக்கமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்குகிறார். மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டார். யாருடைய மண்வெட்டி அது? பரவாயில்லை, கொண்டுபோகட்டும். கமலாசனி அக்காவும் பின்னால் ஓடுகிறார். வளைவு கூப்பிடு தூரம்தான். மற்றவர்கள் இருங்கள்! எல்லோரும் ஓடினால் கரை இடிந்துவிடும். தெரிந்தவர்கள் போயிருக்கிறார்கள்.

என் தொண்டை காய்கிறது, ஆனாலும் பேசுவேன். பேசாமல் இருந்தால் பயமாக இருக்கிறது.

அன்பானவர்களே! இந்த மேடையில் இப்போது ஒரு கதிரை வெறுமையாக இருக்கிறது. இன்று முழுவதும் இங்கே நடந்தவற்றுள் உருப்படியான காரியம் அந்தக் கதிரை வெறுமையானதுதான். வலதுகரை வாய்க்காலுக்கு அடுத்த மாதம் கூடப்போகிறோம். அங்கே வரும்போது எந்தப் பதவி என்று கேட்டு வராதீர்கள். எந்த ஓட்டை தெரியும் என்று சொல்லி வாருங்கள்! பேசத் தெரிந்தவரின் பெயரை முதலில் எழுதும் பேனாவே, பேசாதவரிடம் போய் நில்! கூட்டத்துக்கு வந்தவரை எண்ணும் கண்ணே, வராதவர் ஏன் வரவில்லை என்று பார்! தாளில் ஆள் நிறைந்தால் திட்டம் நிறையாது. தண்ணீருக்குத் தாள் தெரியாது, தலைவர் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓட்டையும் அதை அடைத்த கையும். அந்தக் கை எவருடையது என்று தேடுவதே திட்டம்! தேடாமல் எழுதினால் அது வெறும் எழுத்து!

என்ன? ஏன் அந்தப் பக்கம் எல்லோரும் எழும்புகிறீர்கள்? எனக்குத் தெரியவில்லை, யாராவது சொல்லுங்கள்!

வருகிறார். இராசமலர் அக்கா வரம்பால் நடந்து வருகிறார். முழங்கால் வரை சேறு. சருகும் முள்ளும் அடைத்துக் கிடந்ததாம், இழுத்துப் போட்டாராம். அவருக்குப் பக்கத்தில், அவர் நடைக்குச் சரியாக, பழுப்பு நிறத்தில், நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, வெடித்த மண்ணை ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பி நிரப்பி... தண்ணீர்! அதிகாரி ஐயா, மணி என்ன? உரக்கச் சொல்லுங்கள். ஒன்று ஐம்பத்துநாலு! எழுதுங்கள் ஐயா, எழுதுங்கள்!

கடைசி மடையைத் திறந்துவைப்பது தலைவர் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. தலைவர் மடையடியில் நிற்கிறார். விலகுகிறார். "பிள்ளை, அதில என்ர பேரை வெட்டிப்போட்டு அவாவின்ர பேரை எழுதும்" என்கிறார்.

அக்கா என்ன சொல்கிறார்? கேட்கிறதா உங்களுக்கு?

"பேரைப் பிறகு எழுதுங்கோ. முதல் தள்ளி நில்லுங்கோ ஐயா, என்ர வயலுக்குத் தண்ணி போகட்டும்."

நன்றி சொல்வதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் உள்ளவர்கள் எல்லோரும் வரம்பில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு நன்றி. பந்தலில் தனித்திருக்கும் தாய்மாரே, உங்களுக்கு நன்றியோடு என் கையும் தருகிறேன். பிடித்துக்கொள்ளுங்கள், நாமும் போவோம். ஒலிவாங்கியை வைக்கிறேன். அங்கே, சேற்றில் நின்று, நேரில் வணக்கம் சொல்கிறேன்.