நிமிடத்துக்கு ஒரு எம்பி

இரவு ஒன்பதரை. பதுளை டவுனிலிருந்து மேலே ஏறும் ரோடு. கடைசி பஸ் திரும்பிவிட்டது... அதற்கு மேல் நடைதான். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன, எரிவது ஒன்று. அந்த ரோட்டில் தினமும் தனியாக நடந்து வேலைக்குப் போனவன் ஜெசிந்தன். நம் ஜெஸ்டினின் மாமா மகன். ஜெஸ்டின் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். நான் பொய் சொன்னால் அவன் சொல்லட்டும்.

"நீயே சொல்லு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா அத்தை எனக்குச் சோறு போடாது," என்றான் ஜெஸ்டின்.

சரி. ஃபாக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட இன்னும் நேரம் இருக்கிறது. நெருப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

ரோடு முடியும் இடத்தில் பழைய கிளார்க் குவார்ட்டர்ஸ் ஒன்று. மீரியபெத்தையில் மண் சரிந்து லயம், தொழிலாளர் வரிசை வீடுகள், அப்படியே புதைந்த பிறகு இந்தப் பக்கத்தில் மழை என்றாலே எல்லாரும் மலையைத்தான் பார்ப்பார்கள். அதற்காக ஒரு நிறுவனம் அங்கே போன் நிலையம் வைத்தது. பெயர் வேண்டாம். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கிய ஊற்று... எதைக் கண்டாலும் தோட்டத்து ஆட்கள் இரவில் அந்த எண்ணுக்குப் போன் எடுக்கலாம். போனில் பேசுவது ஜெசிந்தன். ஆபத்தாகத் தெரிந்தால் பக்கத்து அறையில் தூங்கும் அதிகாரி கனகரத்தினத்தை அவன் எழுப்ப வேண்டும். வெளியேறச் சொல்வது அவருடைய வேலை.

மேசையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். ஒவ்வொரு அழைப்பும் அதில் ஒரு கோப்பாகப் பதியும். பேச்சு நீள நீளக் கோப்பு பெரிதாகும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, அதாவது மெகாபைட். ஒலியைக் கேட்கவே வேண்டாம். ls -lh என்று அடித்து அளவைப் பார்த்தால் போதும், யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு எம்பி என்றால் குடித்தவன். ஐந்தாறு எம்பி என்றால் நிஜமாகவே பயந்தவன்.

ஜெசிந்தன் லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தவள். தோட்டத்து ஆபீசிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று, தலைத்துணியைச் சரி செய்துகொண்டு பேசுவாள். பேசி முடிந்தாலும் வைக்க மாட்டாள். பெரிய மனிதர் வைத்த பிறகுதான் நாம் வைக்க வேண்டும்... அதுதான் லயத்து மரியாதை. மறுபக்கம் மறந்துபோய் மேசையில் போட்டிருந்தாலும் அப்படியே காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவனுக்கு அது அவமானம். பதுளையில் படிக்கும்போது தன் வீடு ஹாலிஎல டவுன் என்று சொல்லிக்கொண்டவன். போன் நிலையத்திலும் எழுத்துத் தமிழில்தான் பேசுவான். "சொல்லுங்கள், என்ன விடயம்?" மறுபக்கத்தில் உடனே ஐயா என்பார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மழைநாள் யாரோ பயந்து போன் எடுத்ததை நம்பிக் கனகரத்தினத்தை எழுப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. அவர் சாரத்தை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏன் தம்பி, சும்மா பயந்தடிச்சு எழுப்புறீர்? லயத்து ஆக்களுக்கும் உமக்கும் வித்தியாசம் இல்லையோ?"

அது அவனுக்குள் எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரம்... விடாத மழை. தகரக் கூரையில் சல்லிக்கல் கொட்டுவது போலச் சத்தம். நள்ளிரவு தாண்டி ஒரு அழைப்பு.

"கும்பிடுறேங்க ஐயா. நான் பிரான்சிஸ்கா, மேல் லயத்துக் கடைசி வீடுங்க. பீலித் தண்ணி செவப்பா, சேறா வருதுங்க. மத்தவங்க எல்லாம் கோயிலுக்குப் போறாங்க. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு நானும் போயிரவாங்க, இல்ல உள்ளயே இருக்கவாங்க?"

பீலியில், மலை ஊற்றிலிருந்து வரும் குழாயில், தண்ணீர் சேறாக வந்தால் அதிகாரியை எழுப்ப வேண்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஜெசிந்தன் சொன்னான்: "கேட்டுச் சொல்கிறேன். போனை வைக்க வேண்டாம்."

"சரிங்க ஐயா. சன்னலுகிட்ட மட்டுந்தாங்க சிக்னல் இருக்கு. இங்கயே நிக்கிறேங்க."

ரிசீவரை மேசையில் வைத்தான். கனகரத்தினத்தின் கதவு வரை போனான். தட்டக் கையை ஓங்கினான். உள்ளே குறட்டை. போன வாரப் பேச்சு நினைவுக்கு வந்தது... கையை இறக்கிவிட்டான். ஐந்து நிமிடம் பார்ப்போம், அவளாகவே வைத்துவிட்டு மற்றவர்களோடு கோயிலுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். தலையை மேசையில் சாய்த்தான்.

அவள் எந்த ஊர்க்காரி, எந்த வழக்கத்தில் வளர்ந்தவள் என்பது அவனுக்குத் தெரியும். அவனை விட யாருக்குத் தெரியும்?

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. ரிசீவர் மேசையில். எடுத்துக் காதில் வைத்தான். ஒன்றுமில்லை. திரும்பப் போனில் வைத்தான். அந்த நேரத்தில் வாசலில் ஜீப் சத்தம். மேல் லயத்தின் கடைசி வீட்டை மலை கொண்டுபோய்விட்டது என்றார்கள். கோயிலுக்குப் போனவர்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். பிரான்சிஸ்காவும் இரண்டு பிள்ளைகளும் இல்லை.

அவன் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து ls -lh அடித்தான். இரண்டு எம்பி, நான்கு எம்பி, ஒரு எம்பி... கடைசி வரியில் இருநூற்றுச் சொச்சம். கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதை அளவே சொன்னது.

rm என்று அடித்து அழித்தான்.

அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்றான். மழைக்கு டவர் விழுந்திருக்கும் என்றார்கள். அதோடு விட்டுவிட்டார்கள். லயத்து ஆட்களுக்காக யார் மேலே போய்க் கிண்டுவார்கள்?

அவனுடைய அம்மா செத்த வீட்டுக்குப் போய் வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"காதோட சேத்துப் போனப் புடிச்சபடியே இருந்துச்சாம்டா அந்தப் புள்ள. வெரல விரிக்கவே முடியலயாம். அப்படியே பொதச்சிட்டாங்க. கூப்பிடப் போனவங்ககிட்ட, ஐயா கேட்டுச் சொல்றேன்னாரு, சொன்னதும் வர்றேன்னுச்சாம்." பிறகு விறகைத் தள்ளிக்கொண்டே, "எந்த ஐயாவோ. அவன் வெளங்குவானா?" என்றாள்.

அவன் சாப்பிட்டான். எழுந்து போகக்கூடத் துணிவில்லாமல், போட்டதை எல்லாம் சாப்பிட்டான். அந்த ஞாயிறு பூசையில் பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை.

பேய் இங்கேதான் தொடங்குகிறது.

சில நாள் கழித்துக் கம்ப்யூட்டர் எச்சரித்தது. டிஸ்க் நிரம்புகிறதாம். நிரம்பிவிட்டால் புதிய அழைப்பு எதுவும் பதியாது, மெஷினே நின்றுவிடும், மழைக் காலத்தில் போன் செத்துவிடும். அவன் du அடித்துப் பார்த்தான். எல்லாக் கோப்புகளையும் கூட்டினாலும் பாதி டிஸ்க் கூட வரவில்லை. df அடித்தான். கிட்டத்தட்ட முழுவதும் நிரம்பிவிட்டது என்றது.

இரண்டும் பொய் சொல்லவில்லை. du வீடு வீடாகப் போய் எண்ணுவது. பெயர் உள்ள வீடுதான் அதன் கண்ணுக்குத் தெரியும். df வீட்டைப் பார்ப்பதில்லை. நேராக நிலத்தைக் கேட்கும்: உன்னிடம் வெற்றிடம் எவ்வளவு மிச்சம்? அப்படியானால் பெயரில்லாத ஏதோ ஒன்று உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். இந்த வகை மெஷினில் rm அழிப்பது பெயரைத்தான். யாராவது அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அவர்கள் விடும் வரை அது உயிரோடு இருக்கும். lsof என்று ஒரு கட்டளை உண்டு, யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். அடித்தான். அந்த இரவின் கோப்பு. பக்கத்தில் deleted என்று குறிப்பு. பிடித்திருப்பது ஒலிப்பதிவு நிரல். அளவைப் பார்த்தான். சற்றுப் பொறுத்து மறுபடியும் அடித்தான்.

கூடியிருந்தது.

அழைப்பு இன்னும் முடியவில்லை... இந்தப் பக்க ரிசீவரை அவன் அன்றைக்கே வைத்துவிட்டான். அந்தப் பக்கப் போன் மண்ணுக்குள்.

நிரல் சிக்கிக்கொண்டு வெறும் இரைச்சலை எழுதிக்கொண்டிருக்கலாம். ஜெஸ்டின் சொன்னபோது நானும் அப்படித்தான் சொன்னேன். அவனும் அப்படி நம்பத்தான் பார்த்தான். பெயர் போன கோப்பையும் அதைப் பிடித்திருக்கும் நிரலின் வழியாகத் திறந்து கேட்கலாம். ஹெட்போனை மாட்டினான்.

பேச்சைத் தாண்டி ஓட்டினான். முதலில் மழை. பிறகு ஒரு குறட்டை, தெளிவாக, பக்கத்தில். அது அவனுடையது. இரண்டு பக்கமும் பதியும் என்பதை மறந்திருந்தான். மழை, குறட்டை... நெடுநேரம் அதுவே. பிறகு ஒரு பிள்ளை சிணுங்கியது. அவள் மெதுவாகச் சொன்னாள்:

"சத்தம் போடாத. ஐயா தூங்குறாரு."

வேறெதையும் விட அதுதான் அவனைக் கொன்றது என்று ஜெஸ்டினிடம் சொன்னானாம். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் தூங்குவது கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் வைக்கவில்லை.

அப்புறம் ஒரு உறுமல். லாரி கல்லைக் கொட்டுவது போல. அதன் பிறகு அழைப்பு துண்டிக்கப்படும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. சொட்டு... சொட்டு... என்று தண்ணீர். பச்சை மண் வாசனை. தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டும்போது வருமே, அது. சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

கோப்பின் கடைசிக்கு ஓட்டினான். அங்கே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சற்று முன் அவன் சாய்ந்தபோது அவன் நாற்காலி கிறீச்சிட்டதே, அதேதான். சுவர்ப் பல்லி. அவன் மூச்சு. பிறகு மிக மெல்லிய குரல்.

"ஷ்ஷ்... ஐயா முழிச்சிட்டாரு."

தொண்டையைச் செருமும் சத்தம்.

"ஐயா... போயிரவாங்க? இருக்கவாங்க?"

பதில் சொல்ல ஒரு சொல் போதும். அவன் வாயைத் திறந்தான். எந்தத் தமிழில் பேசுவது என்றே தெரியவில்லையாம். ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு நிரலைக் கொன்றான். df அடித்தான். டிஸ்க்கில் பாதி காலி. du சொன்னதும் df சொன்னதும் ஒன்றாக இருந்தன. அழைப்பை அவன்தான் முதலில் வைத்தான், அதுதானே முறை. இனி அவளும் வைத்துவிடுவாள்.

மறுநாள் இரவு வந்து பார்த்தான். du பாதி என்றது. df நிரம்பிவிட்டது என்றது.

அந்த வாரமே வேலையை விட்டான். அவன் இடத்துக்கு வந்தவள் றின்ஸா, பதுளை பஸாரில் கடை வைத்திருப்பவர் மகள், கெட்டிக்காரி. பின்னால் கனகரத்தினத்தை மூன்று முறை எழுப்பித் திட்டு வாங்கியும் நான்காம் முறை எழுப்பியவள். இரண்டு நாளாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். இதை மட்டும் சொல்லவில்லை. வெட்கம். சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போகும்போது அவள் கேட்டாள். அவர்கள் பேச்சில் அண்ணன் நானா, அம்மா உம்மா.

"நானா, du ஒண்டு சொல்லுது, df வேற ஒண்டு சொல்லுதே?"

"அது அப்படித்தான். விட்டுடுங்க. திறந்து கேக்க வேணாம்."

"நான் நேத்தே கேட்டுட்டேனே," என்றாள் அவள், சாதாரணமாக. "ஒரு உம்மா பேசினாங்க, பாவம். ஐயா கேட்டுச் சொல்றேண்டாரு, இருக்காரா எண்டு. நீங்க வேலைய விட்டுப் போறீங்கண்டு சொன்னேன். அதுக்கும் சரிங்க எண்டாங்க. ஆனா வைக்கல்ல. மனசு கேக்கல்ல நானா, உங்கட நம்பரக் குடுத்திட்டேன்."

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஜெஸ்டின் நெருப்பைக் கிளறினான். பிறகு சொன்னான்.

"அவன் போன் எப்பவும் ஃபுல்லுன்னு காட்டுது. படம் ஒண்ணு இல்ல, பாட்டு ஒண்ணு இல்ல. டவுன்ல ரெண்டு தடவ எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்தாங்க. போன வாரம் பக்கத்துல உக்காந்து நானே பாத்தேன்... நிமிசத்துக்கு ஒரு எம்பி ஏறுது."