தலைக்கு மேலே வந்த அடி

சேலத்திலிருந்து ஜலகண்டாபுரம் செல்லும் பேருந்தில், முன்னிருக்கையிலிருந்து எழுந்த ஒரு வாசகம் எங்கள் வரிசையின் பேச்சுகள் அனைத்தையும் நிறுத்தியது.

"நீ உட்கார்ந்தே கெடந்தா, தலையில அடிக்காம வேறென்னடா பண்றது?"

சொன்னவன் மடியில் வெற்றிக் கோப்பை இருந்தது. அருகில் இருந்தவன் அவனுடைய பங்காளி. அன்றைய வீடியோ கேம் போட்டியின் இறுதிச் சண்டையில் அவ்விருவருமே எதிரெதிராக ஆடியிருந்தனர் என்பது பேச்சிலிருந்து விளங்கிற்று.

"குதிச்சு மேலயிருந்து அடிக்கறதில்லைன்னு நமக்குள்ள பேச்சுடா. அதுக்கப்புறம் ஊட்டுல ஒரு நாளாச்சும் அப்படி ஆடியிருக்கறமா?"

"அது ஊட்டு ஆட்டம். இது போட்டி. மேல வர்ற அடிய திரையில உன் ஆளு எந்திரிச்சு நின்னுதான் தடுக்கோணும், சுண்டைக்காப் பசங்களுக்கே தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ண? காலுக்கு வர்ற அடிய உட்கார்ந்து தடுத்துத் தடுத்தே எனக்குக் கை பழகிப்போச்சு. ஜெயிச்சா அடுத்த போட்டிக்குச் சென்னைக்குப் போலாம்னு எங்கப்பாகிட்டச் சண்டை போட்டு, தறிய நிறுத்திப்போட்டு வந்தேன்."

"செரி, மேலடி வேண்டாங்கற பேச்ச முதல்ல எடுத்தது யாரு?"

"நீதான்."

"ஏன்னு ஒருக்காலாச்சும் கேட்டியா? முதல் நாளே பாத்துட்டேன். மேல அடிச்சா உனக்குக் கையே ஓடல. ஊட்டுல அடிச்சிருந்தா நீ தடுக்கக் கத்துக்கிட்டிருப்பே."

தோற்றவன் கோப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னர் குரலைச் சற்றும் உயர்த்தாமல் சொன்னான்:

"இத்தனை நாளும் நாம வெளையாடிட்டு இருந்தோம்னுல்ல பங்காளி நெனச்சேன்."