டொமெனிக்கோ கடைக்கு வந்த அழைப்பு

"ஹலோ... ஓம், ஓம், யோகாதான் கதைக்கிறன்... ஆர், பாஸ்கரோ? எங்கை தம்பி நிக்கிறீர்? நாங்கள் வந்து எவ்வளவு நேரம்... என்ன? கொஞ்சம் பலத்துக் கதையும், இஞ்சை ஒரே சத்தம்..."

யோகா மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள். இத்தாலியரான டொமெனிக்கோவின் பீட்சாக் கடையில் தொலைபேசி கல்லாவுக்கும் அடுப்புக்கும் இடையில் சுவரில் மாட்டியிருந்தது. முதுகில் அடுப்பின் வெக்கை; முன்னால் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டம். பிரன்ஸ்விக் வட்டாரத்தில் பாதிப் பேர் அங்கேதான் வந்திருப்பார்கள் போல் இருந்தது.

எழுபத்திரண்டில் மெல்பேர்னுக்கு வந்து இறங்கியபோது அவளும் கணவன் சிறிதரனும் வாடகைக்கு இருந்த அறை இந்தக் கடைக்குப் பின்தெருவில்தான். அறையில் சமைக்கக்கூடாது என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். சிறிதரனுக்கு ரயில்வேயில் வேலை நிரந்தரமானது, மாதுமை பிறந்தது, வீடு வாங்கியது எல்லாம் இந்தக் கடை மூலையில் இருக்கும் வட்ட மேசையில்தான் கொண்டாடப்பட்டன. கரும்பலகையில் எழுதியிருந்த சாப்பாட்டு வகைகள் அன்றிலிருந்து மாறவில்லை. சிவப்புக் கட்டம் போட்ட மேசைத்துணிகளும் மாறவில்லை. டொமெனிக்கோவின் மனைவி கொன்செட்டா, இவர்கள் தலை தெரிந்தவுடன் கேட்காமலே பச்சை மிளகாயை அரிந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள்.

இன்றைய விருந்து சிறிதரனின் தம்பி பாஸ்கருக்காக. கொழும்பில் டொக்டராக இருந்தவன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் போய், பிறகு அண்ணனிடம் வந்து சேர்ந்தான்; இப்போது வேறொரு பெடியனோடு தனி வீட்டில் இருந்தான். இங்கே வைத்தியம் பார்க்கப் பரீட்சை எழுதவேண்டும். படித்துக்கொண்டே ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலை செய்தான். முதல் முறை தவறிவிட்டது. இரண்டாம் முறைக்கான முடிவு வந்துவிட்டது என்றும், மாலையில் டொமெனிக்கோ கடையில் வைத்துச் சொல்கிறேன் என்றும் காலையில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தான். கடையில் வைத்துச் சொல்வதென்றால் நல்ல செய்திதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கொன்செட்டாவும்தான். அவள் வழக்கமாகவே அவனை டொட்டோரே, அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிடுவாள்.

"...ஓ... இந்த முறையும் இல்லையோ... சரி... சரி தம்பி, அதுக்கென்ன... ஓம், விளங்குது... இல்லை, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். நீர் வாரும். வந்து சாப்பிடும், பிறகு யோசிப்பம்... ஏன் வரேலாது?... நாங்கள் சாப்பிடுறதோ? உம்மை விட்டிட்டு என்னண்டு சாப்பிடுறது..."

அவன் அழுதிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சாதாரணமாகப் பேசினான். பாரம் எதையோ எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவன்போல மெதுவாக, தெளிவாக, மரியாதையாகப் பேசினான். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னான். அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கவலையில் சொல்கிறான் என்றே நினைத்தாள்.

"என்ன நன்றி கின்றி எண்டு கொண்டு... ஆருக்கு? மாதுமைக்கோ?... உம்மடை றேடியோவையோ?... ஏன், உமக்கு வேண்டாமோ..."

அந்த வானொலி அவன் இங்கே தன் கையால் வாங்கிய ஒரே பொருள். இரவில் அதைக் காதோடு அணைத்துக்கொண்டு இலங்கைச் செய்தி தேடுவான். மாதுமை அதைத் தொட்டாலே பதறுவான். அதைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்கிறான்.

யோகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வட்ட மேசையில் சிறிதரன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். ஏழு வயது மாதுமை மேசைக்கடியில் இருந்து கொன்செட்டா கொடுத்த மாவில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். யோகா கை அசைத்தாள். அவர்கள் பார்க்கவில்லை. தட்டுகளோடு கடந்துபோன கொன்செட்டா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைப் பிடித்து இழுத்து, சிறிதரனைக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்த கொன்செட்டா தட்டுகளை அப்படியே யாரோ ஒருவரின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

"...இல்லை, இல்லை, நிக்கிறன். சொல்லும்... ஓம், றேடியோ. குடுக்கிறன். வேறை?... நீர் இப்ப வீட்டிலையோ நிக்கிறீர்?... தனியவோ?... மற்றப் பெடியன் வேலையோ... ஓம்..."

சிறிதரன் வந்து நின்றான். அவள் ரிசீவரின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

"தம்பியின்ரை கதை சரியில்லை. ஏதோ செய்யப்போறார். ஓடுங்கோ."

சிறிதரன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அந்த இடத்திலேயே உடைந்துபோயிருப்பாள். ஆனால் அவர்கள் டிராமில் வந்திருந்தார்கள். பாஸ்கரின் வீடு தூரத்தில், ஃபுட்ஸ்க்ரேயில். வெளியே மழை. அவன் வாசலுக்கும் தெருவுக்குமாகத் தவிப்பதைக் கண்ட டொமெனிக்கோ, கொன்செட்டா சொன்ன ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, கையில் இருந்த மாவைக்கூடத் துடைக்காமல் தன் வான் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினான். கடை நிறைய ஆட்கள் இருக்க, டொமெனிக்கோ அடுப்பை விட்டுப் போனதை யோகா அதற்கு முன் கண்டதில்லை.

"...ஹலோ, ஹலோ... இல்லை, ஒண்டுமில்லை, கொன்செட்டா ஏதோ கேட்டவ... போனை வையாதையும். தம்பி, வையாதையும், நான் தனிய நிக்கிறன், அலுப்பாக் கிடக்கு, கொஞ்ச நேரம் என்னோடை கதையும்..."

அங்கே போய்ச் சேரும் வரைக்கும் அவனைப் பேசவைக்கவேண்டும். எதைப் பேசுவது? பரீட்சையைப் பேசக்கூடாது. அடுத்த வருடத்தைப் பேசக்கூடாது. ஊரைப் பேசவே கூடாது. அவள் கண்முன் இருந்தது இந்தக் கடை மட்டும்தான். அதைப் பேசினாள்.

"...இஞ்சை என்ன நடக்குது தெரியுமோ? அந்தக் கிழவனும் கிழவியும் வந்திருக்கினம். ஓம், அவைதான், ஒரு தட்டிலை சாப்பிடுறவை. இண்டைக்கு ஏதோ கோவம் போலை, ரெண்டு தட்டு எடுத்திருக்கினம்... இல்லை, உண்மையாத்தான். மனுசி ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறா... ஓம்... கால்பந்துக்காரர் ஒரு மேசை. வென்றவையோ தோற்றவையோ தெரியேல்லை, ரெண்டுக்கும் ஒரே சத்தம்தானே... உமக்கு எடுத்தது நெத்தலி போட்டது. ஓம், உம்மடை கருவாட்டுப் பீட்சா. ஆறிப்போச்சு, இன்னொண்டு போடச் சொல்லுறன்... நித்திரையோ? நித்திரை பிறகு கொள்ளலாம். தம்பி, கேளும், மாதுமை மாவிலை என்ன செய்திருக்கிறாள் சொல்லும் பாப்பம்... இல்லை... யானையுமில்லை... டிராம். அதுக்குள்ளை நாலு பேர்..."

அவள் வாய் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. மனம் அந்த வண்டியோடு ஓடியது. இப்போது ராயல் பரேட் சாலையைத் தாண்டியிருக்கும். இப்போது சிவப்பு விளக்கில் நிற்கும்.

அப்போதுதான் கருகல் மணம் வந்தது. அடுப்புக்குள் இருந்தவற்றைக் கவனிக்க ஆளில்லை. கொன்செட்டா ஓடிப்போய் நீளப் பலகையால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். புகை எழுந்தது. யோகாவுக்கு இருமல் வந்தது. பேச்சு நின்ற அந்த இடைவெளியில் அவன் என்னவென்று கேட்டான்.

"...பீட்சா கருகிப்போச்சு, வேறை ஒண்டுமில்லை... டொமெனிக்கோவோ? அவர்... அவர் வெளியிலை... இல்லை தம்பி, அண்ணா மேசையிலைதான்... கூப்பிடுறதோ? அவர் இப்ப..."

மறுமுனையில் எல்லாம் விளங்கிவிட்டது. அதுவரை அமைதியாக இருந்த குரல் உயர்ந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு வேண்டியதாகத்தான் இருந்தது; கோபப்படுகிறவன் இன்னும் போகவில்லை.

"...ஓம். அனுப்பினனான். பொய்தான் சொன்னனான்... திட்டும். நல்லாத் திட்டும்... வையாதையும்... பாஸ்கர், வையாதை. வைச்சிடாதை, சொல்லிப்போட்டன். வைச்சியெண்டால்..."

கலியாணமான நாளிலிருந்து அவனை அவள் நீர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். அப்போது அவன் பள்ளிக்கூடப் பிள்ளை. நீ என்று வந்தது அவளுக்கே தெரியவில்லை.

"...ஒண்டு கேக்கிறன். ஒளிக்காமல் சொல்லு. சாகப்போறியோ?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவன் பேசத் தொடங்கினான்.

"...ஓம்... ஓம்... கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்... ஓம்... அதை நீ ஒருநாளும் சொல்லேல்லையே... எவ்வளவு நாளா?... ஓம்... ஆஸ்பத்திரியிலை அந்த டொக்டர் அப்பிடிச் சொன்னவனோ? எல்லாற்றை முன்னாலையுமோ... ஓம் ராசா... ஓம்..."

அழுகை வந்துவிட்டது, அவனுக்கு. அவளுக்கும். கொன்செட்டா பக்கத்தில் வந்து நின்று, மாவு படிந்த கையை அவள் தோளில் வைத்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. கேட்கவும் இல்லை.

"...எனக்கு நல்ல வார்த்தை ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. நான் படிச்ச மனுசியுமில்லை. எல்லாம் சரிவரும் எண்டு சொல்லமாட்டன். சரிவருமோ எண்டு எனக்குத் தெரியாது... வெக்கமோ? ஆருக்கு முன்னாலை? இஞ்சை ஒரு டொக்டருக்காக ஒருத்தரும் காத்துக்கொண்டிருக்கேல்லை. மாதுமை கேட்டது சித்தப்பா எங்கை எண்டுதான்... ஓம்... கேள், அண்ணா இப்ப வந்திடுவார். கதவிலை அந்தச் சங்கிலி போட்டிருக்கிறியோ?... ஓமோ. அதைக் கழட்டிவிடு..."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவனுடைய தொலைபேசி சமையலறையில் இருந்தது. வாசல் கதவு நடைவழியின் மறு கோடியில். கம்பி அவ்வளவு தூரம் எட்டாது. சங்கிலியைக் கழற்றவேண்டுமானால் அவன் ரிசீவரை வைக்கவேண்டும். வைத்தவன் கதவுக்குப் போவானா, வேறெங்காவது போவானா? போகாதே என்று சொன்னால் சிறிதரன் வெளியே நின்று கதவை இடித்துக்கொண்டிருப்பான். உள்ளே என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? போ என்று சொன்னால் அவனைத் தன் கையாலேயே விட்டதாகும்.

"...பாஸ்கர். போனை வெட்டாமல் மேசையிலை வை. நடந்துபோய்ச் சங்கிலியைக் கழட்டு. திரும்பி வந்து கழட்டிப்போட்டன் எண்டு எனக்குச் சொல்லு. அவ்வளவுதான். நாளைக்கு என்ன எண்டு நாளைக்குப் பாப்பம்... ஓம், நான் இஞ்சைதான் நிப்பன். அசையமாட்டன்... போட்டு வா."

மரப்பலகையில் ரிசீவர் வைபடும் சத்தம் கேட்டது. காலடிகள். பிறகு ஒன்றுமில்லை.

யோகா காதை ரிசீவரோடு அழுத்தினாள். கடையின் இரைச்சல் போதாதென்று கால்பந்துக்காரர்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். கொன்செட்டா அவர்களைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டாள். பாட்டு நின்றது. அந்த அமைதியிலும் கம்பிக்குள் எதுவும் கேட்கவில்லை. அந்த வீடு அவளுக்குத் தெரியும். அந்த நடையை ஒரு பிள்ளைகூட ஒரு மூச்சில் ஓடிக் கடக்கும். அவன் ஏன் இன்னும் வரவில்லை?

"ஹலோ... பாஸ்கர்... ஹலோ, தம்பி... கேக்குதோ..."

முருகா என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் என்ன கேட்பதென்று வரவில்லை.

எங்கோ தூரத்தில் இரும்பு உரசியது. கதவு இடிபட்டது. ஏதோ விழுந்தது. ஓர் ஆண் அழுகிற சத்தம் கேட்டது. பாஸ்கர் என்றே முதலில் நினைத்தாள். இல்லை; இது சிறிதரன். அவன் அழுது அவள் கேட்டதே இல்லை என்பதால் குரலை அடையாளம் காண நேரம் எடுத்தது.

"...ஹலோ... இஞ்சாருங்கோ, நீங்களோ?... இருக்கிறாரோ? நல்லாப் பாத்தனீங்களோ?... ஒண்டும் செய்யேல்லைத்தானே?... ஓம்... ஓம்... ஓம்... கதவிலைதான் நிண்டவரோ... கையை விடாதையுங்கோ. தனிய விடாதையுங்கோ, குளியலறைக்கும் தனிய விடாதையுங்கோ... இல்லை, ஒண்டும் கேளாதையுங்கோ, புத்தி சொல்லாதையுங்கோ. எங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ. காலமை நான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்... ஓம், நான்தான் போவன்... டொமெனிக்கோவும் நிக்கிறாரோ? பாவம் மனுசன்..."

கொன்செட்டா ஒரு கதிரையைக் காலால் இழுத்து யோகாவை உட்காரவைத்தாள். மாதுமை வந்து மடியில் சாய்ந்தாள்.

"...ஒருக்கா அவரிட்டைக் குடுங்கோ... கதைக்க ஏலாதாமோ? கதைக்கத் தேவையில்லை. காதிலை மட்டும் வையுங்கோ... தம்பி... பாஸ்கர், நான்தான்... ஒண்டும் சொல்லவேண்டாம். மூச்சை விடும், எனக்கு அது போதும்... ஓம்... கேக்குது... கேக்குது தம்பி... இன்னொருக்கா..."

தொடர்பு அறுந்தது. தம்பியை வண்டியில் ஏற்றச் சிறிதரன்தான் போனை வைத்திருப்பான்.