முப்பத்தெட்டு சாக்பீஸ் குறிகள்

வண்டிக்குள் படுக்கை போடுகிறவர்கள் எல்லாரும் தலையிலிருந்து கால்வரை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது முழங்காலை. படுத்தவன் புரளுவான், புரளும்போது முழங்காலை மடக்குவான், மடக்கினால் பலகையில் இடித்துக்கொள்வான், இடித்துக்கொண்டால் பக்கத்தில் படுத்திருப்பவனைத் திட்டுவான். ஒரு பயணம் கெட்டுப்போக அவ்வளவு போதும். நானும் என் மச்சினனும் கட்டிய வண்டியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று படுக்கை வைத்ததற்கு அதுதான் காரணம். நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும் ஐயா. ஆனால் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் அதுதான்.

நான் முப்பத்தாறு வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டினவன். நான் கட்டிய பஸ் ஒன்று, வெள்ளம் போகும்போது தரைப்பாலத்தில் இறங்கி, மிதந்தே அக்கரை போய்ச் சேர்ந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. இறங்கிய ஜனங்கள் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்களாம், நாங்கள் பஸ்ஸுக்குத்தான் டிக்கெட் எடுத்தோம், படகுக்கு இல்லை என்று. எழுதிக்கொண்டிருக்கும் அம்மா சிரிக்க வேண்டாம். அது நடந்தது. கொஞ்சம் நடந்தது.

இத்தனை பஸ் கட்டியும் நான் எதிலும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் போனதில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீடு மூன்றாவது ஸ்டாப். ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினேன். பின்தொட்டியில் ஓர் அறை கட்டிக்கொண்டு, ரோடு முடிகிற இடம் வரைக்கும் போய்விட்டு வருவது என்று முடிவு. ஒரே ஒரு சிக்கல். சர்க்கரை என் இடது கண்ணைத் தின்றுவிட்டது. லைசென்ஸ் ஆபீஸில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். நான் பலகையின் சட்டத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னேன், தேக்கு என்று. எழுத்துதான் தெரியவில்லை.

அதனால்தான் மச்சினன். என் மனைவியின் தம்பி. கல்யாணம் காட்சி இல்லாமல் எங்கள் முன்னறையிலேயே இருந்தவன். ஊரெல்லாம் அவனைக் கப்பல் என்றுதான் கூப்பிடும். இருபத்திமூன்று வயதில் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறையில் மூன்று மாசம் வெங்காயம் உரித்தான். அந்த மூன்று மாசத்தை நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு எனக்கே வாந்தி வரும். அதற்குப் பிறகு முப்பது வருஷம் லாரி ஓட்டினான். கை சுத்தம், ரோட்டில் நிதானம். கட்டுவது நான், ஓட்டுவது அவன். இதுதான் எங்கள் இருவருக்கும் பேச்சு. சமையலறைக் கதவின் பின்னால் வரைபடம் ஒட்டி, போக வேண்டிய இடங்களைச் சிவப்பு மையால் வட்டம் போட்டது அவன்தான். நான் இல்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கட்ட நாலு வருஷம் ஆனது. சதுரக் குழாயில் சட்டம், உள்ளே பிளைவுட், நடுவில் தெர்மாகோல், வெளியே அலுமினியத் தகடு, தகட்டில் இரண்டு விரலுக்கு ஒரு ரிவிட். கதவு, ஒரு பழைய பஸ்ஸின் அவசரக் கதவு. ஜன்னல் வைக்கவில்லை. ஜன்னல் என்பது ஒழுகுவதற்கு நாமே போட்டுக்கொடுக்கிற ஓட்டை.

"ஜன்னல் இல்லாம எதைங்க பாக்கப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"இறங்கிப் பாப்போம்," என்றேன்.

அவள் அதை வண்டி என்று சொன்னதே இல்லை. டப்பா என்பாள். "டப்பாவுக்கு எண்ணெய் போட்டாச்சா? டப்பா இன்னிக்கு எப்படி இருக்கு?" உடம்புக்கு முடியாதவரை விசாரிக்கிற மாதிரி.

கட்டுவது பெரிய காரியமில்லை ஐயா. வைத்துப் பராமரிப்பதுதான். ரிவிட் தளரும், குழாய் துருப்பிடிக்கும், சிலிகான் பசை வெயிலில் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர்ச் சோதனை. ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் செய்கிற முறைதான். ஒரு ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவன் ஓஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க வேண்டும். உள்ளே எங்கே ஈரம் வருகிறதோ அங்கே உள்ளேயிருந்து தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் சொட்டுகிறது. இரண்டு தட்டு என்றால் வழிகிறது. உள்ளங்கையால் அடித்தால், தண்ணீரை நிறுத்து. தட்டின இடத்தில் வெளியே இருப்பவன் சாக்பீஸால் குறி போட்டு, காய்ந்த பிறகு அங்கே பசை வைப்பான். தெர்மாகோல் போட்ட சுவர், பேசினால் கேட்காது. தட்டினால் கேட்கும். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்துக்கும் பழகிவிட்டது. என் மனைவிக்கு அது சுவர்க் கடிகாரச் சத்தம் மாதிரி.

போன சனிக்கிழமை காலை மேல் படுக்கைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். கப்பல் வந்து சக்கரத்தின் மேல் சாய்ந்து நின்றான்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"பின்லைட்டை ஒடச்சிட்டியா?"

"நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"யாருடா ஏமாந்தது?"

"தையல்கடைக்காரம்மா."

"அறுபத்திரெண்டு வயசுலயா?"

"அவங்களுக்கு அம்பத்தெட்டு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா அறுபதுதான் வருது."

நானும் சிரித்தேன். நல்ல விஷயம்தானே. திரும்பி வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவன் தரையைப் பார்த்தான்.

"இல்லத்தான். நான் வரல. அவங்களுக்கு வண்டி ஆட்டம் ஒத்துக்காது. எனக்கும் ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போச்சு. நீங்க வேற டிரைவரைப் பாத்துக்குங்க."

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. "விடுங்க. அவனுக்கும் ஒரு துணை வேணாமா? நாலு வருஷமா உங்க டப்பாவைச் சுத்தியே கெடந்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. வார்னிஷை முடித்தேன். பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன்.

அன்று சாயங்காலம் செய்த மூன்று வேலைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். காற்று வருகிற இரண்டு துவாரங்களுக்கும் தகடு அடித்தேன். ஓடும்போது பின்னாலிருந்து புழுதியை உள்ளே இழுக்கிறது, அதனால். கூரை மூடியை வெளியிலிருந்து போல்ட் போட்டேன். காற்றில் தடதடக்கிறது, அதனால். கதவின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றினேன். வார்னிஷ் ஒட்டியிருந்தது, அதனால். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. மூன்றும் ஒரே சாயங்காலம் நடந்ததுதான் உங்களை உறுத்துகிறது. எனக்கு ஒரு சாயங்காலம்தான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே சொன்னேன், கடைசியாக ஒரு தடவை சோதனை பார்த்துவிடலாம், இனிமேல் இவ்வளவு சுத்தமாகத் தட்ட எனக்கு யார் கிடைப்பார்கள் என்று.

"அதுக்கென்னத்தான்," என்றான். "மூணு மணிக்கு அவங்க வீட்டுக்குப் போகணும். அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

"அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்."

பாவம், மனசுக்குள் குற்ற உணர்ச்சி. ஓடி ஓடி வேலை செய்தான். ஷெட் நிழலிலிருந்து வண்டியை வெயிலுக்கு எடுத்து நிறுத்தியவன் அவன்தான். வெயிலில் பசை நன்றாகப் பிடிக்கும் என்று நான் சொன்னேன். தண்ணீர் பட்டுவிடும் என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினான். எப்போதும் அப்படித்தான் கொடுப்பான். கதவைச் சாத்தினேன். அப்போது மணி பத்தேகால்.

ஒரு பத்து நிமிஷம் சத்தமில்லை. பிறகு இரண்டு தட்டு. கதவுக்கு மேலே. குறி போட்டேன். பிறகு கீழே. பிறகு இடது மூலை. குறி போட்ட இடமெல்லாம் பசை வைத்தேன். தட்டின இடத்தில் ஒரு நூல் அளவு சந்துகூட இருக்கக் கூடாது, அது தொழில். கதவைச் சுற்றித்தான் அதிகம் தட்டினான். அதனால் கதவைச் சுற்றி முழுக்க ஒரு சுற்று வைத்தேன். இரண்டு டியூப் பிடித்தது.

பதினொன்றரைக்கு என் மனைவி டீ கொண்டுவந்தாள். அந்த நேரம் அவன் நாலு பக்கமும் தட்டிக்கொண்டிருந்தான். தகட்டில் இருந்த குறிகளைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ரொம்ப ஒழுகுது போல," என்றாள்.

"ஆமா," என்றேன். "கண்டுபிடிச்சிட்டே இருக்கான்."

"அவனுக்கும் ஒரு டம்ளர் வச்சிருக்கேன். இறங்கினதும் குடுங்க, ஆறிடும்."

போய்விட்டாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளை விசாரிப்பதை விட்டுவிடுங்கள்.

பிறகு அவன் உள்ளங்கையால் அடிக்க ஆரம்பித்தான். உள்ளங்கை என்றால் தண்ணீரை நிறுத்து என்று அர்த்தம், சொன்னேன் இல்லையா. நான் திரும்பி ஓஸ் பைப்பைப் பார்த்தேன். அது சுருட்டினபடி சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று நான் குழாயைத் திறக்கவே இல்லை ஐயா. திறக்காத தண்ணீரை நான் எப்படி நிறுத்துவது?

பேசினால் கேட்காது என்றேன். காதைத் தகட்டில் ஒட்டி வைத்தால் கேட்கும். தகடு சுட்டது. துண்டை மடித்து நடுவில் வைத்துக்கொண்டு கேட்டேன். முதலில் அத்தான், அத்தான் என்று மட்டும் வந்தது. அக்கா என்று ஒரு தடவை. பன்னிரண்டேகாலுக்குத் தெளிவாகச் சொன்னான்.

"நான் வர்றேன் அத்தான். எங்க சொன்னாலும் ஓட்டுறேன். கல்யாணம்லாம் வேணாம். நான் வர்றேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருஷ உழைப்பு ஐயா. நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"உன் தம்பி வர்றேன்னுட்டான்."

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அவனா சொன்னான்?"

"அவன் வாயால சொன்னான்."

"ஒரு நெலையில இருக்க மாட்டானே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? சாப்பிட வரச் சொல்லுங்க, நான் கேக்குறேன்."

"கொஞ்சம் படுத்திருக்கான். அப்புறம் வருவான்."

அவன் தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைத்தாள். நான் முன்னறைக்குப் போய் அவனுடைய பையை எடுத்துக் கட்டினேன். இரண்டு சட்டை, ஸ்வெட்டர், சவரப் பெட்டி, இடுப்புவலிக்குத் தடவுகிற தைலம். அது உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போன நீலப் பை. ஓடப்போகிறவன் கட்டின பை என்று உங்களில் யாரோ எழுதியிருக்கிறார்கள். திருத்திவிடுங்கள். அது அவனுடைய பை.

திரும்பி வெளியே வந்தபோது அடிப்பது தட்டலாகியிருந்தது. பிறகு விரல் தட்டல். ஒன்று பத்துக்கு, கீழ்ப்படுக்கைப் பக்கம், தரையோடு தரையாக ஒரே ஒரு தட்டு. சொட்டுகிறது என்று அர்த்தம். அங்கேயும் குறி போட்டுப் பசை வைத்தேன். முப்பத்தெட்டு.

மூன்று மணிக்கு மேல் என் சட்டைப்பையில் அவன் போன் நாலு தடவை அடித்தது. நாலரைக்குத் தையல்கடைக்காரம்மா தானே வந்துவிட்டார். கையில் தைத்த சட்டை. அவர் எங்கே என்று கேட்டார். உள்ளே தூங்குகிறான் என்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், குறிகளைப் பார்த்தார், கதவைச் சுற்றிப் பூசின பசையைத் தொட்டு விரலை முகர்ந்தார். தைக்கிறவர் இல்லையா, எதை எதற்காக மூடியிருக்கிறார்கள் என்று கண் உடனே கண்டுபிடிக்கிறது. அவர் போட்ட சத்தத்தில்தான் தெருவே வந்தது, பிறகு நீங்கள் வந்தீர்கள், கடப்பாரையால் கதவை நெம்பினீர்கள். இருபத்துநாலு மணி நேரம் காய வேண்டிய பசை அது. பொறுத்திருந்தால் திங்கட்கிழமை காலை நானே கத்தி வைத்து, தகடு வளையாமல் திறந்திருப்பேன்.

உள்சுவரெல்லாம் ஈரமாக இருந்தது என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். வெளியிலிருந்து வந்த தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அது அவன் மூச்சு, அவன் வேர்வை. உள்ளே இருந்தது ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் நான் கட்டின எதுவும் அவ்வளவு சுத்தமாக நின்றதில்லை.

மற்றபடி நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரி. கதவைச் சாத்தியது நான். துவாரத்தை அடைத்தது நான். வெயிலில் நிறுத்தச் சொன்னது நான். கூப்பிட்டது கேட்டது, கேட்டும் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். மேலே தலைப்பில் கொலை என்று இருக்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள். பன்னிரண்டேகாலுக்கே என்னோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டவனை நான் எதற்கு ஐயா கொல்லப் போகிறேன்?