ஏழு படங்களுக்குக் கண் திறந்த கதை

எந்தத் தூரிகையைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாத பெயிண்ட் கடைக்காரர், விழாத் தலைவர் கண்ணையன் அவர்களே! மழை மிரட்டியும் பந்தலை விட்டு எழாத நம் உப்பளம் பகுதிப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னிடம் படித்தவர்களே! படிக்காமல் தப்பித்தவர்களே! எல்லோரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. 'ஒரே ஆண்டில் ஐந்து கலை கற்ற ஆசிரியருக்குப் பாராட்டு விழா' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். கடைப் பலகை எழுதினேன், உண்மை. நாடகம் எழுதினேன், உண்மை. நடிகர்களுக்கு அரிதாரம் பூசினேன். ஆர்மோனியத்தையும் விட்டு வைக்கவில்லை... யாரது சிரிப்பது? தம்பி பாவாடையா? சிரியப்பா, சிரி. என் ஆர்மோனியத்தைக் கேட்டவனுக்குச் சிரிக்கும் உரிமை உண்டு!

ஐந்தாவது கலையைப் பற்றியே இன்று பேச வந்தேன். வளர்ச்சி என்றால் ஏறிய படிகளை மட்டும் சொல்வதா? இடறிய படியைச் சொல்ல வேண்டாமா?

நம்மில் பலர் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்வதில்லை. மூச்சு நின்ற பிறகே ஸ்டுடியோவுக்கு ஆள் ஓடுகிறது. நாற்காலியில் சாய்த்து, நீறு பூசி, மாலை சூட்டி ஒரு படம். பிறகு அதைப் பெரிதாக்கி, மூடிய இமைமேல் மெல்லிய தூரிகையால் கண் வரைவார்கள். மாண்டவர் விழித்துவிடுவார். கரீம் பாயின் ஸ்டுடியோவில் அந்த வேலையைக் கற்றேன். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். பொறுமையில் எனக்கு ஆசிரியர்.

முதலில் கைக்கு வந்தது பலராமன் படம். மில்லில் தறி ஓட்டியவர். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"கண்ணு எப்படி இருந்துச்சுன்னு தெரியலையே பாய்?" என்றேன்.

"எதிர்ல கண்ணாடி இருக்குல்ல சார்? இமை எங்க மடியுது, கருவிழி எங்க ஒக்காருதுன்னு அதுல பாத்துக்குங்க. அளவு தப்பாது."

அவர் அளவு பார்க்கச் சொன்னார். நானோ கண்ணாடியில் கண்டதை அப்படியே வரைந்துவிட்டேன்! கருவிழியில் வெள்ளைப் புள்ளி வைத்ததும் படம் என்னைப் பார்த்தது. பூரித்துப் போனேன். அதே கையோடு இன்னும் ஆறு பேருக்குக் கண் திறந்தேன்.

நான்கு மாதம் கழித்துப் பலராமனின் தம்பி அரிகிருஷ்ணன் வந்தான். என் பழைய மாணவன், இப்போது தட்டாஞ்சாவடிப் பட்டறையில் வேலை. "சார், அண்ணி கூப்புடுறாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றான். போனேன். பட்டப்பகல். சுவரில் படம். அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அரிகிருஷ்ணன் துண்டை எடுத்தான். எடுத்த கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. அவன் தோள் ஒடுங்கியது.

"பாத்தீங்களா சார்? எங்க அண்ணன் எதுருலயே நான் பீடி புடிச்சவன். இந்தப் படத்துக்கு மட்டும் கை கட்டிக்குது. இது உங்க பார்வை சார். கணக்கு வராம மூணாம் பெஞ்சுல ஒக்காந்து நான் பாத்த அதே பார்வை!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அப்போது பலராமனின் மனைவி ஆதிலட்சுமி பேசினார். அவருடைய சம்மதம் பெற்றே இதைச் சொல்கிறேன்.

"தப்பா நெனக்காதீங்க சார். மொதல்ல, யாரோ பாக்குறாங்கன்னு துண்டப் போட்டு மூடுனேன். இப்ப நான் கண்ண மூடுனாலும் வருது. மூக்கு அவருது, மீச அவருது, கண்ணு மட்டும் இது. பதிமூணு வருஷம் பாத்த கண்ணு சார். தேடுறேன், கெடைக்கல. எங்க வெச்சிருக்கீங்க?"

தாய்மார்களே, நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

படத்தைப் பார்த்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வறையில் காவல் காத்த என் கண்கள், செத்தவர் முகத்திலிருந்து என்னையே காவல் காத்தன. இடப்பக்கம் நகர்ந்தேன், வந்தன. வலப்பக்கம் நகர்ந்தேன், வந்தன. பலராமனின் உயிரைக் காலன் எடுத்தான். பார்வையை எடுத்தவன் யார்? நான்! பாராட்டு விழாவுக்கு வந்து மாலை வாங்கி நிற்கிற நான்!

கரீம் பாயிடம் ஓடினேன்.

"ஃபிலிம் இருக்கு சார். வேற கண்ணு வெச்சுக் குடுத்துருவோம்."

"வேணாம் பாய். கண்ணு மூடுனபடியே ஒண்ணு போடுங்க."

"செத்த மொகத்த எந்த வூட்ல சார் மாட்டுவாங்க?"

"அவங்களையே கேப்போம்."

ஆதிலட்சுமி புதுப் படத்தை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். "இப்படியே இருக்கட்டும் சார். தொறக்குறத நான் பாத்துக்குறேன்" என்றார்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. அந்தத் தெருப் பக்கம் போக எனக்குத் துணிவும் இல்லை. பதினோராம் நாள் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார்.

"கண்ண மூடுனேன், அவரு கண்ணோடயே வந்துட்டாரு சார்."

"எப்படிப் பாக்குறாரும்மா?" ஆவலில் கேட்டுவிட்டேன்.

முதல் முறையாக அவர் சிரித்தார். "அத ஒங்களுக்கு எதுக்கு சார் சொல்லணும்?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! எப்பேர்ப்பட்ட பாடம்! எழுதக் கற்றேன், பூசக் கற்றேன், இசைக்கக் கற்றேன், வரையக் கற்றேன். கையை எங்கே எடுக்க வேண்டும் என்பதை அந்த வாசலில்தான் கற்றேன். ஓராண்டில் நான் வளர்ந்தது அந்த ஒரு சாண்தான்.

கைதட்ட வேண்டாம். இன்னும் முடியவில்லை.

மற்ற ஆறு படங்களில் மூன்றைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்துவிட்டேன். மீதி மூன்று எந்த வீட்டுக்குப் போயின என்று ஸ்டுடியோவில் குறிப்பில்லை. இதே ஊரில், மூன்று சுவர்களில், மாலைக்கு நடுவே நான் விழித்திருக்கிறேன். விளக்கேற்றுகிறார்கள், பார்க்கிறேன். விம்மி அழுகிறார்கள், பார்க்கிறேன். தங்களுடையவரின் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி, அந்த விளக்கை என் முகத்துக்குத் திருப்பப்பா. இன்னும் கொஞ்சம். போதும்.

அன்பர்களே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கண்கள்தான். வீட்டுக்குப் போனதும் மாலை போட்ட படத்துக்கு எதிரே ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் அங்கே இருந்தால், தயவுசெய்து கழற்றிக் கொண்டு வாருங்கள். உங்களுடையவரை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. பத்திரமாகப் போய் வாருங்கள். வணக்கம்.