கல் வளையலில் சிக்கிய வயிறு

அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே! நாளை விடியலில் ராம்தேவ்ரா பாபா கோயிலுக்குச் சைக்கிள் மிதிக்கப்போகும் சோஜத்துச் சிங்கங்களே! அவர்களுக்குச் சோறும் கட்டி, சொல்லாத கவலையும் சேர்த்துக் கட்டும் தாய்மார்களே! தலைப்பாகை சரியாமல் முன்வரிசையில் தூங்கும் பெரியவர்களே! மிட்டாய்க்கடை ஓகாராமின் ராம் ராம்!

பாபாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவரைப் பற்றிப் பேச நான் யார்? என் வயிற்றைப் பற்றிப் பேசுகிறேன். யாரங்கே சிரிப்பது? சிரி தம்பி, சிரி! இந்த வயிற்றால்தான் என் மகள் மைனாவின் கல்யாணமே ஊசலாடியது.

பாபாவின் சன்னிதியில் அவருடைய பக்தை டாலி பாயின் கல் வளையல் இருக்கிறதே, பிணி தீர நாமெல்லாம் தவழ்ந்து நுழைகிறோமே, அதில் ஒருமுறை நான் சிக்கிக்கொண்டேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "பாவம் பண்ணவன்தான் மாட்டுவான்" என்றார்கள். தம் மகனுக்கு மைனாவைப் பெண் கேட்டிருந்தவர் கவரி பாய். அவருடைய கொழுந்தனார் ஹேமாராம் ஒரு படி மேலே போனார்.

"தராசுல கை வெச்சிருப்பாரு. அடுத்த வருஷம் வளையல்ல நுழைஞ்சு வரட்டும், அங்கேயே தேங்கா மாத்தி நிச்சயம் பண்ணிக்கலாம். மாட்டினாருன்னா வேற எடம் பாக்குறோம்!"

மகள் வாழ வேண்டும், வயிறு வற்ற வேண்டும். எடுத்தேன் சைக்கிளை! என்னைக் கண்காணிக்க ஹேமாராமும் கூடவே மிதித்தார். கவரி பாயும் மைனாவும் பின்னால் ஜீப்பில் வந்தார்கள்.

ஆனால் அன்பர்களே, யாத்திரைக் காலத்தில் அந்தச் சாலையில் எவனாவது இளைத்ததுண்டா? மணலைக் கண்டேனா? மால்புவாவைக் கண்டேன்! வெயிலைக் கண்டேனா? நெய் வழியும் கோதுமை லாப்சியைக் கண்டேன்! பந்தலுக்குப் பந்தல் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பாபா பெயரால் நீட்டிய இலையை மறுக்க நாக்கு வருமா? எல்லார் கையாலும் உண்டேன். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கும் மேக்வால் மக்களின் பந்தலில் பூரி பிரமாதம்! ஹேமாராம் மட்டும் அங்கே சைக்கிளை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் நீட்டிய பெண்ணிடம், "வயிறு சரியில்லம்மா" என்றார். அடுத்த பந்தலில் அதே வயிறு பூரியை அடுக்கடுக்காக வாங்கியது.

கோயிலை அடைந்தபோது என் வேட்டி முன்னைவிட இறுகியிருந்தது. மெலிந்த மனிதர் ஹேமாராம் வளையலில் வழுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் தலையைக் கொடுத்தேன், தோளைக் கொடுத்தேன், வயிறு வரமாட்டேன் என்றது. பின்னால் மைனா அழுவது கேட்டது. செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

"பாத்தீங்களா அண்ணி? நான் சொல்லல?" என்றார் ஹேமாராம்.

கவரி பாய் என் முன்னால் வந்து குனிந்தார்.

"அண்ணா, வழியில யாரு சோத்தையாவது வேணாம்னீங்களா?"

"இல்லம்மா. அதான் இந்தக் கதி!"

அந்த அம்மாள் கொழுந்தனார் பக்கம் திரும்பினார். "டாலி பாய் யாரு வீட்டுப் பொண்ணு?"

"மேக்வால் வீட்டுப் பொண்ணு..."

"அவ சனம் குடுத்த தண்ணிய வேணாம்னுட்டு, அவ வளையல்ல சர்ருனு நுழைஞ்சிட்டீங்க. இவரு அவ வீட்டுச் சோத்தச் சொமந்துக்கிட்டு நுழைய முடியாம நிக்கிறாரு. இதுல யாரு பாவி? பேசாம பின்னால போய்த் தள்ளுங்க!"

தள்ளினார் ஐயா, தள்ளினார்! முன்னால் சம்பந்தியம்மா இழுக்க, பின்னால் அவர் தள்ள, கல்லைக் கடந்து வந்தேன் நான். நின்ற இடத்திலேயே தேங்காய் மாற்றினோம்.

சோதரர்களே! சாமி வாசலில் உடம்பை வளைக்கிறோம். சாதி வாசலில் மனத்தை வளைக்கிறோமா? மிதிப்பது எத்தனை காதம் என்று பாபா கேட்கமாட்டார். யார் பந்தலைத் தாண்டிப் போனாய் என்று கேட்பார்!

திரும்பும் வழியில் ஹேமாராம் எனக்கு முன்னால் மிதித்தார். மேக்வால் பந்தல் வந்தது. சைக்கிளைச் சாய்த்தார், பந்தியில் அமர்ந்தார். அதே பெண் வந்து, "இப்ப வயிறு எப்படி இருக்குண்ணா?" என்று கேட்டாள். தலை நிமிராமல், "பசிக்குதும்மா" என்றார். இதை மேடையில் சொல்ல அனுமதி தந்தவரும் அவரே. அதோ, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் பாருங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. போகும் வழியில் எல்லார் கையாலும் வயிறார உண்ணுங்கள். ஜெய் பாபா ரீ!